ஒரு தந்தைக்குப் பிறந்தவர்க்கு இரண்டு தராசா?

புதுவயல் என்ற பெயரைச் சொன்னவுடன் நம் தோழர்களின் நினைவுக்கு வருவது அரிசி ஆலை. கண்டனூர்–புதுவயல் ரயில் நிலையத்தில் இறங்கி ஊருக்குள் நடந்து பாருங்கள். அவித்த நெல்லின் மணம்தான் முதலில் நம்மை வரவேற்கும். களத்திலே நெல்லைப் பரப்பிக் கிண்டிவிடும் தாய்மார்கள், துண்டைச் சுருட்டித் தலையிலே வைத்து மூட்டை சுமக்கும் தோழர்கள், உமித் தூசியிலே கண் சிவந்து நிற்கும் இளைஞர்கள், இவர்களுடைய உழைப்பிலேதான் அந்த ஊரின் பெயர் வெளியூர்களில் பரவியிருக்கிறது.

அந்த ஆலையிலே ஒரு தராசு இருக்கிறது. மூட்டையை அதன்மீது வைத்தால் எடையைக் காட்டும். இது பெரிய பண்ணையின் நெல்லா, கால்காணிக்காரனின் நெல்லா என்று அது கேட்பதில்லை. மூத்த மூட்டை, இளைய மூட்டை என்ற பேதம் அதற்குத் தெரியாது. எல்லா மூட்டைக்கும் ஒரே நியாயம்!

ஆனால், அதே ஆலையில் உழைத்துத் தேய்ந்த ஒரு தொழிலாளி கண்ணை மூடிவிட்டால், அவன் வீட்டுத் திண்ணையிலே உறவின்முறையார் வேறொரு தராசைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருகிறார்களே, அந்தத் தராசைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

திண்ணைத் தீர்ப்பு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்; எந்த ஊரில், எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய குடும்பம்தான். முப்பது ஆண்டு மூட்டை தூக்கிய தொழிலாளி. முதல் மனைவி ஒரு மகனையும் ஒரு மகளையும் பெற்றுக் கொடுத்துவிட்டு நோயிலே போய்விட்டாள். தாயில்லாப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆள் வேண்டுமே என்று இரண்டாவதாக ஒருத்தியை முறைப்படி மணந்துகொண்டார். அவளிடம் ஒரு மகள். வீட்டிலே அவருடைய வயதான தாயும் உயிரோடு இருக்கிறாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்திலே ஒரு மனை வாங்கி, ஓட்டு வீடு ஒன்று கட்டினார். ஒருநாள் மாரடைப்பு. மனிதர் போய்விட்டார். உயில் இல்லை. வளவு வீட்டுக்காரர்களுக்கு உயில் எழுத வக்கீல் உண்டு, கணக்குப்பிள்ளை உண்டு. கூலிக்காரனுக்கு யார் உண்டு?

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இலை எடுக்கும் முன்பே தீர்ப்பு கிளம்பிவிட்டது.

“மூத்த தாரத்து மகன்தானே கொள்ளி வைத்தான், வீடு அவனுக்கே!” என்கிறார் ஒருவர். “கடைசிவரை கஞ்சி ஊற்றியவள் இளையாள், வீடு அவளுக்கும் அவள் மகளுக்கும்தான். மூத்தாள் பிள்ளைகள் தாய்மாமன் வீட்டுக்குப் போகட்டும்!” என்கிறார் இன்னொருவர். “மூத்த பெண்ணைச் சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று. அவளுக்கு இனி என்ன பங்கு?” என்கிறார் மூன்றாமவர். “கிழவிக்கு எதற்குச் சொத்து? சாகிற காலத்தில் ஒரு வாய் சோறு போதாதா?” என்று நாலாமவர் முடித்து வைக்கிறார்.

நான்கு பேர், நான்கு தீர்ப்பு. நாம் கேட்கிறோம்: இந்த நான்கிலே எது சட்டம்?

ஒன்றும் இல்லை! நான்கும் பொய்!

சட்டம் கேட்கும் ஒரே கேள்வி

1956ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் இதற்குத் தெளிவாக வழி சொல்லியிருக்கிறது. ஓர் ஆண்மகன் உயில் எழுதாமல் இறந்தால், அவனுடைய சொந்தச் சம்பாத்தியம் முதல் வகுப்பு வாரிசுகளுக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரும். யார் அந்த முதல் வகுப்பு? மகன், மகள், மனைவி, தாய். முன்னமே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் அவர்களுடைய வழியினர்.

மகன் என்றால் எந்த மனைவியின் மகன்? மகள் என்றால் எந்த மனைவியின் மகள்? சட்டம் கேட்கவில்லை! “நீ இறந்தவருக்குப் பிறந்த பிள்ளையா?” என்பது ஒன்றே அதன் கேள்வி. கொள்ளி வைத்தவன் யார் என்று கேட்கவில்லை. சீர் வாங்கியவள் யார் என்று கேட்கவில்லை. கட்டிக் கொடுத்த பெண்ணா, கன்னிப் பெண்ணா என்றும் கேட்கவில்லை.

நம் தொழிலாளியின் வீட்டுக்கே கணக்குப் போடுவோம். மனைவிக்கு ஒரு பங்கு. மூத்த தாரத்து மகனுக்கும் மகளுக்கும் ஒவ்வொரு பங்கு. இளைய தாரத்து மகளுக்கு ஒரு பங்கு. தாய்க் கிழவிக்கு ஒரு பங்கு. ஆக ஐந்து பங்கு. வீடும் மனையும் 10 லட்சம் பெறும் என்றால் ஆளுக்கு 2 லட்சம். இவ்வளவுதான் கணக்கு. மூட்டை எண்ணத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

இன்னும் ஓர் அடி முன்னே போவோம். அந்தத் தாய்க் கிழவி பின்னால் காலமானால் அவள் பங்கு அவளுடைய பிள்ளைகளுக்குப் போகும். இறந்த மகனுக்கு உரிய பாகம் அந்த மூன்று பேரப் பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும். பாட்டிக்கு மூவரும் பேரப் பிள்ளைகள்தாமே!

ஆனால், இளைய மனைவி காலமானால் அவள் பங்கு அவள் வயிற்றில் பிறந்த மகளுக்கே போகும். மூத்த தாரத்துப் பிள்ளைகள் அவளுக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள்; ஆகவே அதில் அவர்களுக்குப் பாகம் இல்லை. அவள் பிள்ளையோ பேரப் பிள்ளையோ இன்றி இறந்தால்தான், கணவன் வழியில் வந்த அந்தச் சொத்து கணவனின் வாரிசுகளான அவர்களிடம் திரும்பும். இதைத் தெரிந்துகொள்ளாமல் “சின்னாத்தா பங்கும் எங்களுக்குத்தான்” என்று சண்டை பிடிப்பதும் தவறு. “அப்பன் பங்கும் என் மகளுக்குத்தான்” என்று சின்னாத்தா சொல்வதும் தவறு.

தாய் இரு முறை மணந்திருந்தால்? முதல் கணவன் இறந்து, மறுமணம் செய்துகொண்ட ஒரு தாய் களத்திலே நெல் கிண்டிச் சேர்த்த நகையும் மனையும் யாருக்கு? இரு கணவர்களுக்கும் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும், அவள் இறக்கும்போது கணவன் உயிரோடு இருந்தால் அவனுக்கும், சம பங்கு. அவள் பெற்ற பிள்ளைகள் எந்தக் கணவனுக்குப் பிறந்திருந்தாலும் அவள் பிள்ளைகளே என்று உச்ச நீதிமன்றம் 1987ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. விதவை மறுமணம் செய்தால் முதல் கணவன் சொத்தை இழக்க வேண்டும் என்று 1856ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த தண்டனையும் இன்று இல்லை.

சிவகங்கைச் சீமையின் பெரிய வழக்கு

இந்தச் சண்டை கூலிக்காரன் வீட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணாதீர்கள். இதே சிவகங்கைச் சீமையில், அரண்மனையிலேயே நடந்த சண்டை இது!

மருது சகோதரர்களைக் கும்பெனிப் படை 1801ஆம் ஆண்டில் தூக்கிலிட்ட காலத்தில், சிவகங்கை ஜமீன் கௌரி வல்லபத் தேவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு ஏழு மனைவியர். 1829ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது மூவர் உயிரோடு இருந்தனர். மகன் ஒருவரும் இல்லை. வெவ்வேறு மனைவியரிடம் பிறந்த பெண்மக்களே இருந்தனர். பெண்கள்தானே என்று தள்ளிவிட்டு, அண்ணன் மகன் ஜமீனைக் கைப்பற்றிக்கொண்டார். அண்ணன் வழியினர் கையிலேயே அது ஆண்டுக்கணக்கில் இருந்தது.

விதவையான அங்கமுத்து நாச்சியார் வழக்குத் தொடுத்தார். அவருக்குப் பின் கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைத் தொடர்ந்தார். ஜில்லா நீதிமன்றம், சென்னை, பிறகு கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. ஜமீன் கூட்டுக் குடும்பச் சொத்து அல்ல. கௌரி வல்லபருக்குத் தனியே கிடைத்த சொத்து. ஆகவே அது அண்ணன் பிள்ளைகளுக்குப் போகாது, விதவைக்கும் அவருக்குப் பின் மகளுக்குமே போகும் என்று 1863ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. காத்தம நாச்சியார் வென்றார். அவர் மறைந்த பின் அடுத்த வாரிசு யார் என்ற கேள்வியும் லண்டன் வரை சென்று 1881ஆம் ஆண்டில்தான் முடிந்தது. “சிவகங்கை வழக்கு” என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம் நடக்கிறது.

தோழர்களே, 1829 எங்கே, 1863 எங்கே? முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஜமீன் வீட்டுப் பெண்ணால் முப்பத்து நான்கு ஆண்டு வழக்காட முடிந்தது. அன்றாடம் கூலி வாங்கினால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டுப் பெண்ணால் முப்பத்து நான்கு நாள் கோர்ட்டு வாசலிலே நிற்க முடியுமா? அவள் உரிமை காகிதத்திலே இருக்கும். வீடு இன்னொருவன் கையிலே இருக்கும். ஆகவேதான், வழக்கு வருமுன்னே உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறோம்.

மணம் செல்லாது என்றால் பிள்ளையும் செல்லாதா?

இனிச் சிக்கலான இடத்துக்கு வருவோம். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே ஒருவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டால்?

ஒரு காலத்தில் அது குற்றமல்ல. ஆண்மகன் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் மணக்கலாம் என்பதுதான் பழைய சாத்திரம். கௌரி வல்லபருக்கு ஏழு மனைவியர் இருந்தது அந்தச் சாத்திரத்தின் தயவு. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டிலே இருதார மணத் தடைச் சட்டம் வந்தது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதும் அதை உறுதி செய்தது. அதற்குப் பின் முதல் மனைவி இருக்க இரண்டாவது கல்யாணம் செய்தால் அது கல்யாணமே அல்ல. அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற முறையில் வாரிசுரிமை இல்லை. இதிலே ஏமாற்றப்படுபவள் பெரும்பாலும் ஏழைப் பெண்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

சரி, அவள் பெற்ற பிள்ளை என்ன பாவம் செய்தது? தகப்பன் செய்த குற்றத்துக்குத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கா தண்டனை?

இந்தக் கேள்வியின் சூடு செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், மாலை மாற்றிச் செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953ஆம் ஆண்டில் தீர்ப்பளித்ததே, அது எந்த வழக்கிலே? தெய்வானை ஆச்சி, சிதம்பரம் செட்டியார் பெயர்களால் அறியப்பட்ட நகரத்தார் குடும்ப வழக்கிலேதான்! அக்கினி வளர்க்கவில்லை, ஏழடி நடக்கவில்லை என்பதற்காக, ஊரறிய மணந்து வாழ்ந்த பெண்கள் மனைவியர் அல்ல என்றும், அவர்கள் பெற்ற மக்கள் முறையில் பிறந்தவர் அல்ல என்றும் சொல்லக்கூடிய நிலை வந்தது. அந்தப் பழியைத் துடைக்கத் தமிழ்நாடு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அண்ணா முதலமைச்சராக இருந்த அந்த ஆண்டிலே நிறைவேறிய திருத்தச் சட்டம், இனி நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களை மட்டுமல்ல, முன்னே நடந்தவற்றையும் செல்லத்தக்கவை ஆக்கியது. பிள்ளைகளின் நெற்றியில் எழுதப்பட்ட பொய் எழுத்து அழிந்தது.

இருதார மணத்தில் பிறந்த பிள்ளைகளின் கதையும் அப்படித்தான். அந்த மணத்தை நீதிமன்றம் செல்லாதது என அறிவித்தால்தான் பிள்ளைக்கு உரிமை என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தது. வழக்கே போடாத வீட்டுப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த முட்டுக்கட்டையை நீக்கியது. மணம் செல்லாவிட்டாலும் பிள்ளை செல்லும். பெற்றோர் சொத்தில் அதற்கு உரிமை உண்டு என்றது.

அதன் பிறகும் ஒரு விவாதம் நீண்டது. தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மட்டும்தான் அந்த உரிமையா, பரம்பரைச் சொத்திலும் உண்டா? 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், ரேவணசித்தப்பா வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு விடை சொன்னது: தகப்பன் இறப்பதற்குச் சற்று முன்பு பாகப்பிரிவினை நடந்திருந்தால் அவருக்கு என்ன பங்கு கிடைத்திருக்குமோ, அந்தப் பங்கிலே இந்தப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு உள்ளது போலவே உரிமை உண்டு. ஆனால், பிறந்தபோதே பரம்பரைச் சொத்தில் கூட்டுரிமை கிடையாது. பாட்டனிடமோ, பெரியப்பனிடமோ வாரிசுரிமை கேட்கவும் முடியாது.

கணக்கிலே இதைப் பாருங்கள். பரம்பரைச் சொத்து உள்ள ஒருவருக்கு முறையான மனைவி, அவளிடம் ஒரு மகன், ஒரு மகள். செல்லாத மணத்தில் ஒரு மகன். அவர் இறக்கிறார். முதலிலே சொத்தைத் தகப்பன், முறையான மகன், முறையான மகள் என மூன்றாகப் பிரிக்க வேண்டும். தகப்பனின் மூன்றில் ஒரு பாகத்தை மனைவி, மூன்று பிள்ளைகள் என நான்காகப் பிரிக்க வேண்டும். சொத்தைப் பன்னிரண்டு மரக்கால் நெல்லாக வைத்துக்கொண்டால், முறையான மகனுக்கு 5 மரக்கால், மகளுக்கு 5 மரக்கால், மனைவிக்கு 1 மரக்கால், செல்லாத மணத்து மகனுக்கு 1 மரக்கால். சொந்தச் சம்பாத்தியமாக மட்டும் இருந்திருந்தால் நால்வருக்கும் ஆளுக்கு 3 மரக்கால்!

மகளுக்கு 5 மரக்கால் வந்ததே, அதுவும் தானாக வந்ததல்ல. பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929ஆம் ஆண்டில். கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது 1989ஆம் ஆண்டில். அந்தச் சட்டமும் அதற்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களை வெளியே நிறுத்தியிருந்தது. மத்திய அரசு நாடு முழுவதுக்கும் மணமான பெண்களுக்கும் சேர்த்துச் சட்டமாக்கியது 2005ஆம் ஆண்டில். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே எழுபது ஆண்டுக்கு மேல்! உரிமை என்பது கேட்டுக் கேட்டு வாங்கியது, தோழர்களே! அதைக் கையெழுத்துப் போட்டுக் கைவிடலாமா?

ஒரே வயிறு, ஆனால் உடன்பிறப்பு இல்லையாம்!

பெற்றவர் இறந்தால் பிள்ளைகளை ஒரே தராசில் நிறுக்கும் இந்தச் சட்டம், உடன்பிறந்தவன் இறந்தால் மட்டும் இரண்டாவது தராசை எடுக்கிறது. இதைப் பலர் அறியார்.

மனைவி மக்கள் இல்லாத ஒருவன் இறக்கிறான். தாய் தகப்பனும் இல்லை. அவன் சொத்து அண்ணன் தம்பி, அக்காள் தங்கைக்குப் போகும். ஆனால், தாயும் தகப்பனும் ஒன்றான உடன்பிறப்பு இருந்தால், தகப்பன் மட்டும் ஒன்றான உடன்பிறப்புக்கு ஒன்றும் இல்லை. முழு இரத்தம் முன்னே, அரை இரத்தம் பின்னே என்கிறது சட்டத்தின் 18ஆம் பிரிவு. முழு இரத்த உடன்பிறப்பு எவரும் இல்லாவிட்டால்தான் அரை இரத்த உடன்பிறப்புக்கு வாய்ப்பு.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தாய் ஒன்று, தகப்பன் வேறு என்று பிறந்தவர்களைச் சட்டம் அந்த வரிசையில் அண்ணன் தம்பியாகவே ஏற்பதில்லை! பட்டியலின் அடியிலே ஒரு விளக்கம் எழுதி அவர்களை வெளியே நிறுத்திவிட்டது. மறுமணம் செய்த ஒரு தாயின் வயிற்றில் பிறந்து, ஒரே பானைச் சோற்றைத் தின்று, ஒரே பாயிலே படுத்து வளர்ந்த இருவர். ஒருவன் இறந்தால் முகம் அறியாத பங்காளி பெட்டியைத் திறப்பான். கூட வளர்ந்தவன் கடைசி வரிசையிலே கைகட்டி நிற்க வேண்டும். விதவை மறுமணத்தைப் பாராட்டி மேடையிலே பேசுகிறோம். மறுமணம் செய்தவளின் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் அந்நியராக்குகிற சட்டத்தை ஏட்டிலே வைத்திருக்கிறோம். இது என்ன நியாயம்?

வேறு வழியே இல்லையா? உண்டு. கிறித்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், முழு இரத்தம் அரை இரத்தம் என்ற வேற்றுமையே இல்லை என்று சொல்கிறது. இஸ்லாமியச் சட்டத்தில், தாய் ஒன்றான உடன்பிறப்பு வாரிசாகும் இடத்தில், ஒருவராக இருந்தால் ஆறில் ஒரு பாகம், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களுக்குள் மூன்றில் ஒரு பாகம் என்று குர்ஆனே வரையறுத்திருக்கிறது. சிவகங்கை வழக்குக்குத் தீர்ப்புச் சொன்ன அதே லண்டன் மாநகரத்தில், 1833ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, அரை இரத்த உறவினன் நிலத்துக்கு வாரிசாகவே முடியாது. அவர்களே அந்தத் தடையை உடைத்து ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நாம் இன்னும் ஏன் தாயின் வயிற்றைக் கணக்கிலே சேர்க்கத் தயங்க வேண்டும்?

அந்த விளக்கம் நீக்கப்பட வேண்டும். 18ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும். இது நமது கோரிக்கை. இதற்குக் கோடி ரூபாய்த் திட்டம் வேண்டாம்; சில வரிகளை அடித்தால் போதும்.

ஏமாற்று எங்கே நடக்கிறது?

சட்டம் மாறும் வரை இருக்கிற சட்டத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? உரிமை பறிபோவது பெரும்பாலும் நீதிமன்றத்திலே அல்ல. வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிற மனுவிலேதான்.

வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போது ஒரு தாரத்துப் பிள்ளைகளின் பெயரை மறைத்துவிடுவார்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும்போது தெருவார் “நமக்கேன் வம்பு” என்று வாய் மூடி நிற்பார்கள். சான்றிதழ் வந்துவிடும், பிறகு பட்டா மாறும், பிறகு வீடு விலைக்குப் போகும். தோழர்களே, அந்த இடத்திலே நீங்கள் வாய் திறக்க வேண்டும்! “இன்னும் ஒரு பிள்ளை இருக்கிறது” என்ற ஒரு சொல் ஓர் அநாதையின் கூரையைக் காப்பாற்றும். பெயர் விட்டுப்போன சான்றிதழ் வந்துவிட்டாலும் கலங்க வேண்டாம். அது உறவைக் காட்டும் தாளே தவிர, உரிமையைத் தீர்மானிக்கும் தீர்ப்பு அல்ல. ஆட்சேபம் கொடுக்கலாம், பாகப்பிரிவினை கேட்டு வழக்கும் போடலாம்.

இரண்டாவது ஏமாற்று, விடுதலைப் பத்திரம். “வங்கியிலே கடன் வாங்க ஒரு கையெழுத்து” என்று அக்காளையோ தங்கையையோ அழைத்துப் போய், பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிவிடுவது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்த தோழரை உடன் அழைத்துப் போங்கள்.

மூன்றாவது, வயது வராத பிள்ளைகளின் பங்கை விற்பது. மாற்றாந்தாயோ, மாற்றாந்தகப்பனோ சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர் அல்லர். பெற்ற தாயே ஆனாலும், பிள்ளைக்குத் தனியே சேர்ந்த மனையை, வீட்டை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்கிறது 1956ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம்.

நான்காவது, “வங்கிக் கணக்கிலே நியமனதாரர் நான்தான், பணம் முழுவதும் எனக்கே” என்பது. நியமனதாரர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் கைதான். வங்கிப் பணம் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் கூறியிருக்கிறது.

வழக்குப் போடப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் தொழிற்சாலைத் தொழிலாளரும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உள்ளவர்கள். நீதிமன்ற வளாகத்திலே உள்ள சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞரை அவர்களே அமர்த்துவார்கள். இது பிச்சை அல்ல, உரிமை!

இன்னொன்றும் சொல்கிறோம். உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். திருமணத்தைப் பதிவு செய்யுங்கள்; 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது கட்டாயம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உயில் எழுத முத்திரைத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாளிலே எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். ஆனால், அந்தத் தாளிலே ஒரு தாரத்துப் பிள்ளையை வாழ வைத்து இன்னொரு தாரத்துப் பிள்ளையைத் தெருவில் விடாதீர்கள். சட்டமே பேதம் பார்க்காதபோது, பெற்ற தகப்பன் பேதம் பார்த்தான் என்ற பெயர் வேண்டாம்.

கட்சித் தோழர்களுக்கு ஒரு சொல். கொடி கட்டுவதும் கூட்டம் போடுவதும் நம் வேலைதான். ஆனால், துக்க வீட்டிலே நான்கு பேர் உட்கார்ந்து ஓர் ஏழைப் பிள்ளையின் பங்கை விழுங்கப் பார்க்கும்போது, ஐந்தாவது ஆளாகப் போய் உட்கார்ந்து “சட்டம் இதுவல்ல” என்று சொல்வதும் நம் வேலைதான். மாலை போட மாட்டார்கள். சில பேர் முறைப்பார்கள். சொல்லுங்கள்!

நாளைக் காலை ஆலைச் சங்கு ஊதும். மூட்டை தராசில் ஏறும். அந்த இரும்புத் தராசுக்கு இருக்கிற நேர்மை, இரத்தமும் சதையுமாய்ப் பிறந்த நமக்கு வேண்டாமா?